கணிதத் தேர்வு மதிப்பெண் கல்லூரித் தயார்நிலையைக் காட்டுகிறதா? அமெரிக்க எஸ்ஏடி விவாதத்தின் பின்னணி

2025 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளி அளவுக்குக் கீழே கணிதத் திறன் உள்ள புதுமுக மாணவர்களின் எண்ணிக்கை, 2020-க்கும் 2025-க்கும் இடையில் ஏறத்தாழ 30 மடங்காகிவிட்டது என்றது அது. அவர்களில் 70 சதவீதத்தினர் நடுநிலைப் பள்ளி அளவையே எட்டவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் இந்த நிலையில் இருந்தார்.

இதே பல்கலைக்கழகம் 2020 மே மாதம் சேர்க்கைக்கு எஸ்ஏடி, ஏசிடி ஆகிய நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்களைக் கைவிட முடிவெடுத்திருந்தது. எனவே "தேர்வை எடுத்தார்கள், தரம் விழுந்தது" என்ற வாதம் உடனே கிளம்பியது. அறிக்கையோ பெருந்தொற்றுக் காலப் படிப்பிழப்பு, தேர்வு நீக்கம், பள்ளிக் கிரேடுகளின் வீக்கம் (திறன் உயராமலே கிரேடு உயர்வது), வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து கூடுதல் சேர்க்கை எனப் பல காரணங்களைச் சேர்த்தே சொல்கிறது.

எம்ஐடி 2022-இலும், டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவை 2024-இலும் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தன. அதற்கு முன்பே கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரிகள்), சட்டத்தின்படியே, கணித வகுப்பு ஒதுக்குவதற்கான தேர்வுகளை விட்டுவிட்டன. பார்க்க முரணாகத் தெரியும் இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஒன்று, யாரைச் சேர்ப்பது என்பது. மற்றது, சேர்ந்தவரை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்பது. ஒரே மதிப்பெண் இரண்டுக்கும் ஒரே அளவு உதவாது.

எந்தத் தேர்வைப் பற்றிப் பேசுகிறோம்

1. எஸ்ஏடி: காலேஜ் போர்டு நடத்துவது. கணிதப் பகுதிக்கு 200 முதல் 800 வரை மதிப்பெண். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் முழுக்கக் கணினி வழித் தேர்வு.
2. ஏசிடி: 1 முதல் 36 வரையிலான அளவுகோல். 2025-இல் வந்த புதிய வடிவத்தில் கணிதப் பகுதியில் 45 கேள்விகள், 50 நிமிடம்.
3. வகுப்பு ஒதுக்கீட்டுத் தேர்வுகள்: அக்யூபிளேசர், அலெக்ஸ் போன்றவை. சேர்க்கை முடிந்த பிறகு, எந்தக் கணிதப் பாடத்தில் தொடங்குவது என்று தீர்மானிக்க எழுதுபவை.

முதல் இரண்டும் மாணவர்களை ஒரு பெரிய வரிசையில் நிறுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டவை. எந்த மாணவருக்கு எந்தப் பாடப்பகுதியில் குறை என்று கண்டுபிடிக்கும் குறையறி சோதனைகள் அல்ல.

530 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது

எஸ்ஏடி கணிதத்தில் 530 எடுத்தால் "கல்லூரிக்குத் தயார்" என்கிறது காலேஜ் போர்டு. இதன் பொருள் மிகக் குறிப்பானது. முதல் பருவத்தில் இயற்கணிதம், புள்ளியியல், நுண்கணித முன்பாடம், நுண்கணிதம் ஆகியவற்றுள் ஒன்றை எடுக்கும் மாணவர் குறைந்தது 'சி' கிரேடு வாங்க 75 சதவீத வாய்ப்பு உண்டு. ஏசிடியின் வரம்பு 22. கல்லூரி இயற்கணிதத்தில் 'பி' வாங்க 50 சதவீத வாய்ப்பு, 'சி' வாங்க ஏறத்தாழ 75 சதவீத வாய்ப்பு என்பது அதன் கணக்கு.

இதிலிருந்து நேரடியாகப் பின்தொடரும் சில விஷயங்களைப் பெற்றோரும் மாணவரும் கவனிப்பதே இல்லை.

1. வரம்பில் சரியாக நிற்கும் நான்கு பேரில் ஒருவர் 'சி' கூட வாங்கமாட்டார் என்பதே கணிப்பு. "தயார்" என்ற முத்திரைக்குள்ளேயே அந்தத் தோல்வி அடங்கியிருக்கிறது.
2. கணிதம் படிக்கட்டாகப் போகும் பாடம். முதல் நுண்கணிதத்தில் 'சி' வாங்கியவர் இரண்டாம் நுண்கணிதத்தின் தொகையிடல் முறைகளில் திணறுவது வழக்கமான காட்சி. முதல் பருவத்தைக் கடப்பதைத் தாண்டி இந்த வரம்பு எதையும் பேசுவதில்லை.
3. புள்ளியியலையும் நுண்கணிதத்தையும் ஒரே எண்ணுக்குள் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் தேவைப்படும் முன்னறிவு வெகுவாக வேறுபடுகிறது. ஏசிடி நிறுவனமே இதை உணர்ந்து, அறிவியல், பொறியியல் படிப்புகளுக்குத் தனியாக 26 என்ற வரம்பை வைத்தது. அது கணிதம், அறிவியல் மதிப்பெண்களின் சராசரி. 22-க்கும் 26-க்கும் உள்ள இடைவெளி, "தயார்" என்பது பாடத்தைப் பொறுத்தது என்பதற்கு அந்த நிறுவனமே தரும் சாட்சி.

இதோடு அளவீட்டுப் பிழையையும் சேர்க்க வேண்டும். ஒரே மாணவர், எதுவும் புதிதாகப் படிக்காமல், வேறொரு நாளில் எழுதினாலும் எஸ்ஏடி கணித மதிப்பெண் சுமார் 30 புள்ளிகள் மேலோ கீழோ நகரக்கூடும். 520-ஐயும் 540-ஐயும் வைத்துக்கொண்டு ஒருவர் தயார், இன்னொருவர் தயாரில்லை என்று சொல்ல அந்தக் கருவிக்கே துல்லியம் போதாது.

70 நிமிடத்தில் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்பதில்லை

எஸ்ஏடி கணிதத்தில் 44 கேள்விகள், 70 நிமிடம். 22 கேள்விகள் கொண்ட இரண்டு தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். முதல் தொகுதியில் மாணவர் எப்படிச் செய்தார் என்பதை வைத்து இரண்டாம் தொகுதி கடினமானதாகவோ எளியதாகவோ அமையும். ஒரு கேள்விக்குச் சராசரியாக 95 விநாடி. நான்கில் மூன்று பங்கு, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. நேரியச் சமன்பாடுகள் உள்ளிட்ட இயற்கணிதம் சுமார் 35 சதவீதம். இருபடி, அடுக்குச் சார்புகள் முதலிய மேல்நிலைப் பகுதி இன்னொரு 35 சதவீதம். விகிதம், தரவுக் கணக்குகள் 15, வடிவியலும் முக்கோணவியலும் 15.

இந்தப் பகிர்வு மோசமானதல்ல. கல்லூரிக் கணிதத்துக்கு அடித்தளம் இயற்கணிதம்தான். தேர்வின் பெரும்பகுதியும் அங்கேதான் நிற்கிறது. தேர்வு மதிப்பெண்ணுக்கு ஓரளவு ஏற்புடைமை (அளக்க வேண்டியதை அளக்கும் தன்மை) இருப்பதற்கு இதுவே முதல் காரணம். சிக்கல் விடுபட்டவற்றில் இருக்கிறது.

மடக்கைகள் இல்லை. கணினி வடிவத்தில் கலப்பெண்களும் இல்லை. முக்கோணவியல் முற்றொருமைகள் இல்லை. முதல் நுண்கணித வகுப்பில், மடக்கைச் சார்பின் வகைக்கெழு பருவத்தின் நடுவிலேயே வந்துவிடும். 720 எடுத்த ஒரு மாணவருக்கு மடக்கை விதிகள் தெரியுமா என்று அந்த 720-ஐப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது கால்குலேட்டர். தேர்வுத் திரையிலேயே டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது. எல்லாக் கேள்விகளுக்கும் பயன்படுத்தலாம். ஓர் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தத் தெரியாதவரும், சமன்பாட்டைத் தட்டச்சு செய்து, வளைவு அச்சை வெட்டும் இடத்தைப் பார்த்து விடையைக் குறித்துவிடலாம். இதைக் குறுக்குவழி என்று இகழத் தேவையில்லை. வரைபடத்தைப் படிப்பதும் ஒரு திறன்தான். ஆனால் பல கல்லூரிகளின் நுண்கணிதத் தேர்வறைகளில் கால்குலேட்டருக்கு இடமில்லை. அங்கே எண்கள் குறைவு, குறியீடுகள் அதிகம். ஒரு மாறியையும் அதன் சிறு மாற்றத்தையும் கூட்டி, மூன்றாம் அடுக்குக்கு விரித்து, பழைய மதிப்பைக் கழித்து, மீதியை அந்தச் சிறு மாற்றத்தால் வகுத்து, பிறகுதான் எல்லையை எடுக்க வேண்டும். எல்லை என்ற புதிய கருத்து கடைசி வரியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய வரிகள் அனைத்தும் பள்ளி இயற்கணிதம்.

நுண்கணித விடைத்தாள்களில் மதிப்பெண் பறிபோகும் இடங்களும் இவையே:

1. பின்னத்தின் மேலே உள்ள கூட்டலில் ஓர் உறுப்பை மட்டும் கீழே உள்ளதோடு அடித்துவிடுவது.
2. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள கழித்தல் குறியை முதல் உறுப்புக்கு மட்டும் தந்துவிட்டு மற்றவற்றை மறப்பது.
3. கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை வர்க்கமூலங்களின் கூட்டுத்தொகையாகப் பிரிப்பது.
4. எதிர்மறை அடுக்கையும் பின்ன அடுக்கையும் குழப்பிக்கொள்வது. வகைக்கெழு எடுக்கும் முன் வர்க்கமூலத்தை அடுக்காக மாற்றி எழுதியாக வேண்டும். அந்த ஒரு படி தவறினால் பின்வரும் அனைத்தும் தவறு.

இவற்றில் பலவற்றை, கால்குலேட்டரோடு எழுதும் 95 விநாடிக் கேள்வி பிடிக்காது. ஒரு வாரம் முழுக்க ஒரு கணக்குத் தொகுப்போடு போராடும் பொறுமையையும் அது அளப்பதில்லை.

ஆகவே மதிப்பெண்ணின் இரு முனைகளும் ஒரே எடையுடன் பேசுவதில்லை. பயிற்சி எடுத்து, கால்குலேட்டரும் கையில் இருந்து, இரண்டு மூன்று முறை எழுதிய பிறகும் நேரியச் சமன்பாட்டுக் கேள்விகள் தவறுகின்றன என்றால், அது நுண்கணிதத்துக்கு எதிரான வலுவான அறிகுறி. உயர்ந்த மதிப்பெண்ணோ, அந்த அடித்தளத்தில் பெரிய ஓட்டை இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. எம்ஐடியின் நடைமுறை இதை ஒத்திருக்கிறது. அங்கே எந்தத் துறை மாணவரும் இரண்டு பருவ நுண்கணிதமும், நுண்கணிதம் பயன்படும் இரண்டு பருவ இயற்பியலும் முடித்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. அதனால் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் தயார்நிலை உறுதியான பிறகு மதிப்பெண்ணை மேலும் பார்ப்பதில்லை, முழு மதிப்பெண்ணுக்கு முன்னுரிமை இல்லை என்பதையும் அப்போதே தெளிவாக்கினார்கள்.

ஆய்வுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தெரிகின்றன

இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைச் சொல்லும் எண் ஒட்டுறவுக் கெழு. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. காலேஜ் போர்டின் 2019 ஏற்புடைமை ஆய்வில், முதலாண்டுக் கல்லூரி ஜிபிஏயோடு (பாடக் கிரேடுகளின் சராசரி, வழக்கமாக 4.0 அளவுகோலில்) பள்ளி ஜிபிஏயின் ஒட்டுறவு 0.53. எஸ்ஏடியின் ஒட்டுறவு 0.51. இரண்டையும் சேர்த்தால் 0.61.

0.51-ஐ வர்க்கப்படுத்தினால் சுமார் 0.26. கல்லூரி மதிப்பெண்களில் மாணவருக்கு மாணவர் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தேர்வு விளக்குகிறது என்று பொருள். ஒற்றை அளவுக்கு இது குறைவல்ல. ஒருவரின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அளவுக்கு அதிகமும் அல்ல. இரண்டையும் சேர்க்கும்போது கணிப்பு மேம்படுகிறது என்பதே இந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்று சொல்லாததை மற்றது சொல்கிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு கல்லூரியில் சேர்ந்த எல்லோரும் 750-க்கும் 800-க்கும் இடையில் இருந்தால், அவர்களுக்குள் மதிப்பெண்ணை வைத்து வேறுபாடு காண முடியாது. ஒட்டுறவு மிகக் குறைவாகத் தெரியும். தேர்வு பயனற்றது என்பதல்ல காரணம். தேர்வால் வடிகட்டப்பட்டவர்களை மட்டுமே பார்க்கிறோம் என்பதுதான் காரணம். இதை வீச்சுச் சுருக்கம் என்பார்கள். மேலே தந்த எண்கள் இதற்காகத் திருத்தப்பட்டவை.

இந்த நுட்பம் பிடிபட்டால், எதிரெதிராக மேற்கோள் காட்டப்படும் இரண்டு ஆய்வுகளும் பொருந்திவிடும். சிகாகோ பொதுப் பள்ளிகளில் படித்தவர்களைப் பின்தொடர்ந்த எலெய்ன் அலன்ஸ்வொர்த், கேல்லி கிளார்க் ஆகியோரின் 2020 ஆய்வு, கல்லூரிப் பட்டம் முடிப்பதைக் கணிப்பதில் பள்ளி ஜிபிஏ ஏசிடி மதிப்பெண்ணைவிட ஐந்து மடங்கு வலுவானது என்றது. ஹார்வர்டில் இயங்கும் ஆப்பர்ச்சூனிட்டி இன்சைட்ஸ் குழுவின் 2024 ஆய்வு தலைகீழாகச் சொன்னது. ஐவி லீக் மற்றும் அதற்கு இணையான கல்லூரிகளில், எஸ்ஏடியின் மொத்த மதிப்பெண்ணாக 1600 எடுத்தவரின் முதலாண்டு ஜிபிஏ, 1200 எடுத்தவரைவிட 0.43 அதிகம். பள்ளி ஜிபிஏ 4.0 உள்ளவருக்கும் 3.2 உள்ளவருக்கும் வேறுபாடு 0.1-ஐக்கூட எட்டவில்லை.

முதல் ஆய்வு அளந்தது பட்டம் முடிப்பதை. அதற்கு வகுப்புக்கு வருவது, வேலையை நேரத்தில் முடிப்பது, விழுந்தாலும் எழுவது எல்லாம் வேண்டும். நான்காண்டுப் பள்ளிக் கிரேடு அவற்றைப் பதிவு செய்கிறது. இரண்டாவது அளந்தது முதலாண்டு மதிப்பெண்ணை. அதுவும் ஏறத்தாழ எல்லோரும் 4.0-ஐ ஒட்டி நிற்கும் இடத்தில். அங்கே வீச்சுச் சுருக்கம் பள்ளிக் கிரேடுக்கு நேர்ந்திருக்கிறது.

பள்ளிக் கிரேடு மட்டும் போதாமல் போனது எப்படி

ஏசிடி நிறுவனத்தின் கணக்குப்படி, அதன் தேர்வை எழுதியவர்களின் சராசரிப் பள்ளி ஜிபிஏ 2010-இல் 3.17, 2021-இல் 3.36. அதே காலத்தில் தேர்வு மதிப்பெண்கள் உயரவில்லை. வீட்டுப்பாடம், மறுதேர்வு, வகுப்பில் பங்கேற்பு எல்லாம் கிரேடுக்குள் கலக்கின்றன. "இயற்கணிதம் 2" என்ற ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருவேறு ஆழத்தில் பாடம் நடத்துகின்றன.

சான் டியேகோ அறிக்கையில் மனத்தை உறுத்தும் தகவல் இதுதான். 2024-இல் அங்கே 'கணிதம் 2' என்ற, பள்ளிக் கணிதத்தைத் திரும்பக் கற்பிக்கும் குறைதீர் வகுப்பில் அமர்ந்தவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் பள்ளிக் கணிதத்தில் 4.0 வாங்கியவர்கள். அந்த வகுப்பு மாணவர்களுக்கு 7 + 2 = □ + 6 என்ற கேள்வி தரப்பட்டது. கால்வாசிப் பேர் சரியாக நிரப்பவில்லை.

இந்தக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். ஆனால் கணித ஆசிரியர்கள் இதை வேண்டுமென்றே கேட்பார்கள். சமக்குறியை "இங்கே விடையை எழுது" என்ற கட்டளையாகப் புரிந்துகொண்டவர் கட்டத்தில் 9 என்று எழுதுவார். இருபுறமும் ஒரே மதிப்பு என்று புரிந்தவர்தான் 3 என்று எழுதுவார். முதல் வகைப் புரிதலோடு இருப்பவருக்குச் சமன்பாட்டின் இருபுறமும் ஒன்றைக் கழிப்பது அர்த்தமற்ற சடங்கு. படிகளை மனப்பாடம் செய்து 'ஏ' வாங்கலாம், சற்றே மாற்றிக் கேட்டால் நின்றுவிடுவார். இந்த மாணவர்கள் ஏமாற்றியவர்கள் அல்ல. உங்களுக்கு எல்லாம் தெரிகிறது என்று ஆண்டுதோறும் கிரேடு மூலம் அவர்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய வெளி அளவுகோல் ஒன்றும் கையில் இல்லாமல் போனது அவர்களுக்குத்தான் இழப்பு.

ஒற்றை வெட்டுப்புள்ளி செய்த சேதம்

அப்படியானால் மதிப்பெண்ணை வைத்தே வகுப்பை ஒதுக்கிவிடலாமே என்றால், அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். சமுதாயக் கல்லூரிகள் பல ஆண்டுகள் காம்பஸ், அக்யூபிளேசர் தேர்வுகளின் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தவர்களைக் குறைதீர் வகுப்புகளுக்கு அனுப்பின. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையத்தில் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்தில் சுமார் நான்கில் ஒருவர் கடுமையாகத் தவறான வகுப்பில் போடப்படுவதாக மதிப்பிட்டது. மேலே போட்டுவிடும் பிழையைவிட, தகுதியானவரைக் கீழே தள்ளும் பிழையே அதிகம். காம்பஸ் தேர்வையே ஏசிடி நிறுவனம் 2016-இல் நிறுத்திக்கொண்டது.

கீழே தள்ளுவது பாதுகாப்பான பிழை என்று தோன்றும். உண்மையில் குறைதீர் வகுப்புக்குக் கட்டணமும் நேரமும் போகும், பட்டத்துக்கான கிரெடிட் கிடைக்காது, தொடர் வகுப்புகளுக்கு நடுவே மாணவர் படிப்பையே விட்டுவிடுவார்.

நியூயார்க் சிட்டி பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் நடந்த சோதனை இதில் தெளிவானது. குறைதீர் இயற்கணிதம் தேவை என்று தேர்வு சொன்ன மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவு வழக்கமான அடிப்படை இயற்கணித வகுப்புக்குப் போனது. 39 சதவீதம் தேர்ச்சி. இன்னொரு பிரிவு நேராகக் கல்லூரிப் புள்ளியியலில் சேர்ந்தது, வாராந்தரப் பயிற்சி வகுப்பும் தரப்பட்டது. 56 சதவீதம் தேர்ச்சி. "தயாரில்லை" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், கிரெடிட் தரும் பாடத்தில் அதிகம் தேறினார்கள்.

சமுதாயக் கல்லூரிகளை ஒதுக்கீட்டுத் தேர்வுகளை விடச் செய்த கலிபோர்னியாவின் ஏபி 705 சட்டம் இத்தகைய சான்றுகளின் மேல் எழுந்தது. 2022-இல் வந்த ஏபி 1705 ஒரு படி மேலே போய், அறிவியல், பொறியியல் மாணவர்களை நேராக நுண்கணிதத்தில் சேர்க்கும் திசையில் கல்லூரிகளைத் தள்ளுகிறது. அங்கேதான் என் உடன்பாடு நின்றுவிடுகிறது. புள்ளியியலில் கிடைத்த வெற்றியை நுண்கணிதத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. புள்ளியியலின் அறிமுகப் பாடம் குறியீட்டுக் கையாளலை அதிகம் நம்பியிருப்பதில்லை. நுண்கணிதம் ஒவ்வொரு வரியிலும் நம்பியிருக்கிறது. ஹார்வர்ட் 2024-இல் தொடங்கிய 'எம்ஏ5' என்ற நுண்கணித வகுப்பு வாரம் ஐந்து நாள் கூடுகிறது. பாடத்தைக் குறைக்காமல் இயற்கணித இடைவெளியை அடைப்பதற்காக நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கூடுதல் நேரம் இல்லாமல் நேரடிச் சேர்க்கை மட்டும் என்றால், அந்தச் சுமை மாணவர் தலையில் விழுகிறது.

கையில் உள்ள மதிப்பெண்ணை வைத்து என்ன செய்யலாம்

1. முதலில் பாடத்தைத் தீர்மானியுங்கள். எடுக்கப்போவது புள்ளியியலா, கல்லூரி இயற்கணிதமா, நுண்கணிதமா? துறையின் பாடத்திட்டத்தில் இரண்டாம் கணிதப் பாடம் எது என்பதையும் பாருங்கள்.

2. மதிப்பெண்ணை 30 புள்ளி முன்பின்னான பட்டையாகப் படியுங்கள். வரம்பு அந்தப் பட்டைக்குள் விழுந்தால், மதிப்பெண் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

3. மொத்த எண்ணைவிடப் பகுதிவாரி விவரம் பயனுள்ளது. எஸ்ஏடி அறிக்கை நான்கு பகுதிகளையும் தனித்தனியே காட்டும். நுண்கணிதம் எடுப்பவருக்கு இயற்கணிதமும் மேல்நிலைப் பகுதியும்தான் முக்கியம்.

4. தேர்வு எழுதிய தேதியைப் பாருங்கள். பதினோராம் வகுப்பின் வசந்தகாலத்தில் எழுதியிருந்தால், கல்லூரி தொடங்கும்போது ஓராண்டுக்கும் மேல் கடந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமே எடுக்காதவருக்கு அந்த மதிப்பெண் பழையதாகிவிட்டது.

5. கால்குலேட்டர் இல்லாமல் தாளில் ஒரு குறையறி சோதனை செய்யுங்கள். மாறிகள் உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டுதல். எதிர்மறை, பின்ன அடுக்குகளைச் சுருக்குதல். ஓர் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துதல், மற்றொன்றை வர்க்கப் பூர்த்தி செய்தல். ஒரு சார்பை இன்னொன்றுக்குள் பொருத்துதல். மடக்கைச் சமன்பாடு ஒன்று. 30, 45, 60 டிகிரிகளின் சைன், கொசைன் மதிப்புகள். இரண்டு புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு. ஒவ்வொன்றிலும் இரண்டு கணக்குகள், மொத்தம் 40 நிமிடம். விடை தவறியதா என்பதைவிட எந்த வரியில் தவறியது என்று பாருங்கள்.

6. அலெக்ஸ் ஒதுக்கீட்டுத் தேர்வில் அதிகபட்சம் 30 கேள்விகள் வரும்; மாணவரின் விடைக்கேற்ப அடுத்த கேள்வி மாறும். கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் எழுதும்போது இணையத்தையோ நண்பரையோ கேட்டு எழுதினால், தாங்க முடியாத வகுப்பில் போய்ச் சேர்வீர்கள். தேர்வோடு வரும் பயிற்சிப் பகுதியை முடித்துவிட்டு மறுபடி எழுதுவதே நேர்வழி.

7. துறைகளுக்கு: மதிப்பெண், பள்ளிக் கிரேடு, கடைசியாக எடுத்த கணிதப் பாடம் மூன்றையும் சேர்த்து வகுப்பை ஒதுக்குங்கள். இரண்டாம் வாரத்தில் முன்னறிவுச் சோதனை ஒன்றை வைத்து, வகுப்பு மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் முடிவைத் தெரிவியுங்கள். நான்காம் வாரத்தில் வரும் முதல் தேர்வு வரை காத்திருந்தால், மாணவர் மாறவேண்டிய வகுப்பின் கதவு அதற்குள் அடைபட்டிருக்கும்.